அது அப்பிடி இல்ல, பிலோ

இது நடந்தது. காளவாசல் சிக்னலைத் தாண்டி, கீழே டயர் கடையும் மேலே பல் டாக்டர் போர்டும் தொங்குகிற கட்டடம் இருக்கிறதே, அதன் மாடியில் 2005-இல் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு. அதை நடத்திய மருது இன்றைக்கும் இருக்கிறான். எதைப் பற்றிக் கேட்டாலும் மணிக்கணக்காகப் பேசுவான். இதைக் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவான்.

இருட்டில் நடக்கவில்லை. சுடுகாட்டுப் பக்கம் நடக்கவில்லை. கீழே டவுன் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, வெயில் கொளுத்துகிற பட்டப்பகலில் நடந்தது.

பிலோமினாளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். கணவன் ஜெரால்ட் செத்து மூன்று வருடம். பிள்ளை இல்லை. கோச்சடையில் ஓட்டு வீட்டில் மாமியார் சந்தியாகம்மாளோடு இருந்தாள். மாமியார் கொடுமைக்காரி இல்லை. அதுதான் கஷ்டம். சித்தாள் வேலை பார்த்து, தலையில் செங்கல் சுமந்து, ஒற்றை மகனை வளர்த்தவள். அவன் போன பிறகு மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பிடும்போதும் பார்ப்பாள், துணி மடிக்கும்போதும் பார்ப்பாள்.

பிலோமினாளுக்கு இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் யாரிடம் சொல்வது? சர்ச் சாமியாரிடம் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். மாமியாரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. கம்ப்யூட்டரிடம் சொல்லலாம் என்று தோன்றியது. அது யாரிடமும் போய்ச் சொல்லாது என்று நினைத்தாள்.

ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாளில் விட்டதும், சேலைத் தலைப்பால் முகத்து வியர்வையைத் துடைக்கிற சாக்கில் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு மருதுவின் கடைப்படி ஏறினாள். சுவரோரம் கடைசித் தடுப்புக்குள் போய் உட்கார்ந்தாள். கிறிஸ்தவ வரன்களுக்கான ஒரு இணையதளம். பேர் பதிய ஒன்றும் கொடுக்க வேண்டாம். கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

கேள்வி என்றால் அம்புட்டு கேள்வி. உயரம், எடை, நிறம், ரத்த வகை. எந்த சபை, எந்தப் பங்குக் கோயில். சம்பளம் என்ன, சொந்த வீடா, வண்டி உண்டா. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் கல்யாணம் ஆனவர்கள் எத்தனை பேர். விதவை என்றால் கணவர் எப்படி இறந்தார். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கேள்வியைக் காலியாக விட்டால் அந்தப் பக்கம் நகராது. பாதிக்கு மேல் சிவப்பு நட்சத்திரம். பெண் பார்க்க வந்த மாமியார்கூட இதில் கால்வாசி கேட்டதில்லை.

மூன்று பொய் எழுதினாள். வயது முப்பத்தொன்று. வீட்டு போன் நம்பரில் கடைசி எண்ணை மாற்றிப் போட்டாள்; மாமியார் எடுத்துவிட்டால் வம்பு. கணவர் எப்படி இறந்தார் என்ற இடத்தில் மாரடைப்பு. கோயிலிலும் தெருவிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் ஜெரால்ட் குடித்துச் செத்தவன். ஷார்ஜாவில் சாரம் கட்டுகிற வேலையில் முதுகு போய், ஊருக்கு வந்து, வலிக்கு என்று ஆரம்பித்து, ஈரல் வெந்து, வாயால் ரத்தம் எடுத்து வீட்டிலேயே செத்தான். அவள்தான் துடைத்துவிட்டாள்.

கடைசியில் மெயில் முகவரி கேட்டது. சிவப்பு நட்சத்திரம். அவளுக்கு என்று ஒன்று கிடையாது. ஜெரால்டுக்கு ஒன்று இருந்தது. லீவில் வந்தபோது ஒரு கடையில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனே தொடங்கியது. பாஸ்வேர்டு, அவள் பெயரும் கல்யாணம் ஆன வருடமும். "நீயும் ஒண்ணு ஆரம்பிச்சு எனக்கு எழுது. அங்க ராத்திரி கேம்ப்ல பொழுதே போக மாட்டேங்குது" என்று சொல்லியிருந்தான். ஒற்றை விரலால்தான் அடிப்பான். பெரிய எழுத்துப் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் அதை எடுக்கவே தெரியாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில், முழுக்கப் பெரிய எழுத்தாகவே அடிப்பான். கீபோர்டு மூலையில் அதற்கான பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

அந்த முகவரியைக் கொடுத்தாள். செத்தவன் பெட்டிதானே, யார் பார்க்கப் போகிறார்கள். 'உங்களைப் பற்றிச் சில வரிகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. நட்சத்திரம் இல்லை. காலியாக விட்டாள்.

நாலாம் நாள் வீட்டு போன் அடித்தது. யாரோ கிரெடிட் கார்டு கம்பெனி. அப்புறம் இன்சூரன்ஸ். அப்புறம் கொடைக்கானலில் பிளாட் விற்கிறவன். எல்லாரும் பிலோமினாள் மேடம் இருக்காங்களா என்று கேட்டார்கள். மூன்று வருடமாக மணி அடிக்காத போன் அது.

அவள் வேலை விட்டு வந்தபோது மாமியார் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "உம் வயசு முப்பத்தி நாலான்னு கேக்குறான்த்தா. ஆமான்னேன். எதுக்குக் கேக்குறான்?"

பள்ளிக்கூடத்தில் ஏதோ கணக்கெடுப்பு என்று சமாளித்தாள். வயது முப்பத்து நாலு என்று அவள் எங்கேயும் எழுதவில்லை. நம்பரும் இந்த நம்பர் இல்லை.

அடுத்த சனிக்கிழமை போய்த் திறந்து பார்த்தாள். போன் நம்பர் சரியாக இருந்தது. கடைசி எண் திருத்தப்பட்டிருந்தது. வயது முப்பத்து நான்கு. பயத்தில் நாமே சரியாக அடித்துத் தொலைத்துவிட்டோமோ என்று நினைத்தாள். திரும்ப மாற்றினாள்.

பிறகு ஜெரால்டின் மெயிலைத் திறந்தாள். ஏழெட்டு வரன்காரர்கள் விசாரித்திருந்தார்கள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றுகூடத் தடித்த எழுத்தில் இல்லை.

எல்லாவற்றையும் யாரோ ஏற்கெனவே படித்திருந்தார்கள்.

அவளுக்கு உடனே மருது மேல்தான் சந்தேகம். நேரே போய்க் கேட்டாள். அவன் முகம் சுண்டிவிட்டது. "அக்கா, ஒரு ஆளு எந்திரிச்சுப் போனதும் மொத வேலையா அம்புட்டையும் அழிச்சிருவேன். காலேஜ் பயலுக என்னென்ன பாக்குறான்னு எனக்குத் தெரிய வேணாம்க்கா. தெரிஞ்சா சோறு எறங்காது" என்றான். கம்பெனிக்காரர்களே விவரத்தை நாலு பேருக்கு விற்றுவிடுவார்கள், போன் வருவது அதனால்தான், பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள் என்றும் சொல்லிக்கொடுத்தான்.

இரண்டு இடத்திலும் மாற்றினாள். சின்ன வயதில் அவள் வளர்த்த வெள்ளாட்டின் பெயரைப் போட்டாள். கிடா வெட்டுக்கு அதைக் கொண்டுபோன நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜெரால்டுக்குக்கூடத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை.

வெயில் மண்டையைப் பிளந்தது. கடையில் வேறு ஆள் இல்லை. மருது வாசல் பக்கம் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கடைசித் தடுப்புக்குள் உட்கார்ந்து, தன் பதிவைத் திறந்தாள்.

வயது, முப்பத்து நான்கு.

போன் நம்பர், சரியான நம்பர்.

கணவர் எப்படி இறந்தார்... மாரடைப்பு இல்லை. 'குடி' என்று இருந்தது. இங்கிலீஷ் பெரிய எழுத்தில்.

முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். இதை எத்தனை பேர் படித்தார்களோ. திண்டுக்கல்லில், தூத்துக்குடியில், பெங்களூரில், முகம் தெரியாத ஆண்கள் உட்கார்ந்து படித்திருப்பார்கள். நடுத்தெருவில் சேலை அவிழ்ந்தது போல இருந்தது.

ஜெரால்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் முன்னால் அவள் எதையாவது கூட்டியோ குறைத்தோ சொன்னால் விடமாட்டான். தனக்கே அசிங்கம் என்றாலும் திருத்துவான். கேம்ப்பில் ஏசி ரூம் என்று அவள் தன் அக்காவிடம் பெருமையாகச் சொன்னபோது, "அது அப்பிடி இல்ல, பிலோ. தகரக் கொட்டக. ஒரு ரூம்ல பதினாலு பேரு" என்று இடையில் புகுந்தான். பிலோ என்று அவளைக் கூப்பிட்டது உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான். அந்த 'அது அப்பிடி இல்ல'வைக் கேட்டாலே அவளுக்கு அந்தக் காலத்தில் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

கீழே இறக்கிப் பார்த்தாள்.

'உங்களைப் பற்றிச் சில வரிகள்' கட்டம். அவள் காலியாக விட்ட கட்டம்.

காலியாக இல்லை.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எல்லாம் பெரிய எழுத்து. எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது.

'லைட்ட அணைச்சா தூங்க மாட்டா. கொழம்புல உப்பு கூடப் போடுவா, சொன்னா ஒரு நாள் பேச மாட்டா. இடது பக்கமாத்தான் படுப்பா. தூக்கத்துல காலத் தூக்கி மேல போடுவா. தள்ளிவிடக் கூடாது. கோயில்ல அழுவா. ஏன்னு கேக்கக் கூடாது.'

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. திரையைக் கையால் மூடினாள். விரல் இடுக்கில் கடைசி வரி தெரிந்தது.

'இப்ப கட்டில ஜன்னல் பக்கம் மாத்திப் போட்டிருக்கா.'

கட்டிலை அவள் நகர்த்தியது போன மாதம்.

பதிவையே அழித்துவிட வேண்டும். அழிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்தாள். அதற்கும் ஒரு கேள்வி. ஏன் விலகுகிறீர்கள்? சிவப்பு நட்சத்திரம். தெரியாமல் பதிந்துவிட்டேன் என்று அடிக்க ஆரம்பித்தாள்.

'தெரியாமல்...' வரை வந்தது.

கடைசி எழுத்து அழிந்தது.

அவள் அழிக்கவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன.

இன்னொரு எழுத்து. இன்னொன்று. கட்டம் காலியானது.

டக்.

கீபோர்டு மூலையில் பச்சை விளக்கு எரிந்தது.

மெதுவாக... ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பது போல... ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

டக்... டக்... டக்...

'அது அப்பிடி இல்ல, பிலோ.'

கரண்ட் போனது. ஃபேன் முனகி நின்றது. ஆறு திரையும் செத்தன. "இந்தா போயிருச்சுல்ல" என்று வாசலில் மருது சலித்துக்கொண்டான்.

கீபோர்டில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அவள் நாற்காலி சாய எழுந்தாள். மருது என்னமோ என்று எட்டிப் பார்த்தான். அவனும் பார்த்தான். கையில் இருந்த பரோட்டாத் துண்டு கீழே விழுந்தது. குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். கீபோர்டு வயரையும் உருவினான்.

அதற்கப்புறமும் சிறிது நேரம் எரிந்தது. பிறகு... அணைந்தது.

கரண்ட் வந்ததும் வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவனே அந்தப் பதிவை அழித்துக் கொடுத்தான். காரணத்துக்கு அவன் ஒரு புள்ளி மட்டும் வைத்தான். போய்விட்டது. அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து பள்ளிக்கூட ஆபீசுக்கு அவளைக் கேட்டு ஒரு போன் வந்தது. சவரியப்பன் என்று பெயர் சொன்னார். மின்வாரியத்தில் லைன்மேன், திருநகரில் வீடு, மனைவி தவறி ஐந்து வருடம். நீங்கள் சொன்னபடியே இந்த நம்பருக்கு அடிக்கிறேன் என்றார். அவள் இந்த நம்பரை யாருக்கும் கொடுக்கவில்லை. வைத்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் குரல் நல்ல குரலாக இருந்தது. மூன்று வருடத்தில் ஒரு ஆண் அவளிடம் அப்படிப் பொறுமையாகப் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருநகர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள்.

சவரியப்பன் கம்பத்தில் ஏறி ஏறிக் காய்ப்புக் காய்ச்சிய கையோடு, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். முன்தலையில் முடி இல்லை. தேங்காய் பன்னை அவள் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"அதுல எல்லாருந்தாங்க பொய் எழுதுறாங்க. நானே தலையில முடி இருந்தப்ப எடுத்த போட்டோவத்தான் போட்டேன். நீங்க ஒருத்தர்தான் ஒண்ணையும் மறைக்கல. வீட்டுக்காரர் குடிச்சு செத்தாருன்னு எந்தப் பொம்பள எழுதுவா? அதப் படிச்சுட்டுத்தான் இவங்களத்தான் பாக்கணும்னு வந்தேன்."

அவள் தலை நிமிரவில்லை. அதற்கப்புறம் வந்த மெயில்களைப் பற்றியும் அவர் சொன்னார். அவளுக்குக் காலில் வரும் பித்தவெடிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. விளக்கை அணைத்தால் தூங்கமாட்டாள் என்பது தெரிந்திருந்தது. முன்பின் தெரியாத ஒரு ஆண், பன் தின்றுகொண்டே, அவள் எந்தப் பக்கம் படுப்பாள் என்று தெரிந்து எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் மேல் தப்பில்லை. அவர் கேட்கவில்லை, அவருக்குக் கொடுக்கப்பட்டது.

கடைசியில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எல்லாம் நீங்களே எழுதுனதுதானங்க? வேற யாராச்சும் உக்காந்து எழுதிக் குடுத்தாங்களா?"

இல்லை என்றால், யார் என்று கேட்பார். யார் என்று சொல்வது? இந்த மனிதர் எழுந்து போய்விடுவார். அந்தக் கோச்சடை வீடு. மாமியாரின் அந்தப் பார்வை. வாழ்க்கை முழுக்க.

"ஆமா. நாந்தான் எழுதுனேன்" என்றாள்.

அவருடைய சட்டைப் பையில் செல்போன் கிணுங்கியது.

அந்த இணையதளம் அப்போது செல்லுக்கும் செய்தி அனுப்பும். அவர் எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. மறுபடி படித்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"யாருங்க உங்கள பிலோன்னு கூப்புடுவா?"

போனைத் திருப்பிக் காட்டினார். பச்சை வெளிச்சத்தில் சின்னத் திரை. அனுப்பியவர் நம்பர் இல்லை. ஒரே வரி. எல்லாம் பெரிய எழுத்து.

என்ன வரி என்று சொல்ல வேண்டியதில்லை.

அவள் எழுந்து, பஸ் எது என்றுகூடப் பார்க்காமல் ஏறினாள். சவரியப்பன் அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

வீட்டில் சந்தியாகம்மாள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"திருநகர்க்காரு எப்பிடித்தா? நல்ல மாதிரியா?"

பிலோமினாள் வாசற்படியிலேயே நின்றாள். யார் சொன்னது என்று கேட்டாள்.

"போன் வந்துச்சு. கம்பெனிக்காரங்கதான், வேற யாரு. வெவரமெல்லாம் சொன்னான்." கிழவி மடியில் இருந்த போனைத் தடவினாள். "பாவம், எம் மகன் மாதிரியே இருமுறான்."

அப்புறம் போனைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தாள். "போறதுன்னா எங்கிட்டச் சொல்லிட்டே போத்தா. நானா கட்டி வச்சிருக்கேன்?"

அன்றைக்குப் பிலோமினாள் சாப்பிடவில்லை. ஒளித்ததற்கு வெட்கமா, ஒளித்தது இவ்வளவு நல்லவளிடம் என்பதற்கு வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமையே மருதுவிடம் போனாள். உள்ளே வரவில்லை. படியில் நின்றே, அந்த மெயில் பெட்டியையும் அழித்துக் கொடு என்றாள். அவன் மாட்டேன் என்றுவிட்டான். அந்தப் பெயரை அடிக்க அவன் கை வராது.

"தொடாம விட்டுருங்கக்கா. நாலு மாசம் யாரும் தெறக்காமப் போட்டா கம்பெனிக்காரனே அழிச்சுருவான். தானாச் செத்துரும்" என்றான்.

இரண்டு படி இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

ஜெரால்ட் செத்து மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் அவள் அதைத் திறக்கவில்லை. பாஸ்வேர்டு வேறு யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் அது என்றைக்கோ அழிந்திருக்க வேண்டும். அவள் அதை முதலில் திறந்த சனிக்கிழமை... திறக்க அங்கே பெட்டியே இருந்திருக்கக் கூடாது.

யாரோ திறந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். விடாமல். ஒரு மெயில்கூட வராத பெட்டியை.

அந்த முகவரிக்கு யார் எழுதியிருப்பார்கள்? அவன் யாரை எழுதச் சொன்னானோ அவள் ஒருநாளும் எழுதவில்லை. கடைக்குப் போகக் கூச்சம், போன்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். அவன் ஷார்ஜாவில் இருந்தபோதும் எழுதவில்லை.

நாலு மாதம் அவள் காளவாசல் பக்கமே போகவில்லை. ஐந்தாம் மாதம், கல்லறைத் திருநாளுக்குப் போய் மெழுகுவர்த்தி வைத்துவிட்டுத் திரும்புகிற வழியில், பழங்காநத்தத்தில் வேறு ஒரு கடையில், யாரும் தொடாத புது கம்ப்யூட்டரில், அந்த முகவரியை அடித்தாள். அழிந்துவிட்டது என்று வர வேண்டும்.

ஆட்டின் பெயரைப் போட்டாள். தப்பு என்றது.

பழைய பாஸ்வேர்டைப் போட்டாள். அவள் பெயர். கல்யாணம் ஆன வருடம்.

திறந்தது.

உள்ளே ஒன்றுமே இல்லை. எல்லாம் துடைத்து வைத்தது போல் இருந்தது. புதுக் கடிதம் எழுதுகிற கட்டம் மட்டும் தானாக விரிந்து நின்றது. யாருக்கு என்ற இடத்தில் அவனுடைய அதே முகவரி. கீழே வெற்றுக் கட்டம்.

பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.